ஓட்டிப் பார்க்கக் கொடுத்த கார்

மதுரையில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் காலையில் முதல் வியாபாரம் என் கையால்தான் நடக்க வேண்டும். இது கடையின் சட்டம் இல்லை, முதலாளியின் நம்பிக்கை. பல வருசத்துக்கு முன்னால் ஒருநாள் பட்டுப் பிரிவில் நான் முதல் போணி பண்ணினேன். அன்றைக்கு மாலை வரை கடையில் நிற்க இடமில்லாமல் கூட்டம். மறுநாள் பெரிய முகூர்த்தம் என்பதால் ஊரில் எல்லாக் கடையிலும் அதே கூட்டம்தான். அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "ஒனக்குக் கைராசி இருக்குப்பா" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து விளக்கேற்றி, சூடம் காட்டி, கல்லாவுக்குப் பூ வைத்ததும் முதலில் படியேறி வருகிறவரை என் பக்கம் அனுப்பிவிடுவார்கள். வந்தவர் ஒரு துண்டு மட்டும் கேட்டாலும் அது என் கை பட்டுத்தான் பில்லுக்குப் போகும்.

எனக்கு இந்தக் கைராசியில் சந்தேகம் உண்டு. ஆனால் அதை வெளியே சொன்னதில்லை. பத்தாவதோடு படிப்பை விட்டவனுக்குப் பட்டுப் பிரிவில் உட்கார இடமும், விலை கூடின சேலைகள் வைத்திருக்கும் பீரோவின் சாவியும் கிடைத்திருக்கிறது என்றால், அது இந்தக் கையை முதலாளி நம்பியதால்தான்.

வில்லங்கம் எங்கே என்றால், கை மதுரையில் இருக்க வேண்டும், வீடு பரளச்சிப் பக்கம் இருக்கிறது. ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரைக்கு ஒரு பஸ். எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பருத்திக்காட்டுக்குள்ளிருந்து யாராவது கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அவர் வந்து ஏறுகிறவரை பஸ் நிற்கும். ஒருநாள் நான் முனகியதைக் கேட்டுவிட்டுக் கண்டக்டர் சொன்னார்: "ஒங்களுக்காக நிக்கயில இனிச்சுச்சு. அடுத்தவுகளுக்கு நிக்கயில கசக்குதாக்கும்." இப்படி நின்று நின்று போவதற்குள் அருப்புக்கோட்டையில் என் மதுரை பஸ் கிளம்பியிருக்கும். அடுத்ததைப் பிடித்துக் கடைக்குப் போனால் போணி முடிந்திருக்கும்.

போன கோடையில் முதலாளி என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் குறையக் குறையத்தான் பயப்பட வேண்டும்.

"பாதி நாளு போணி வேற ஆளு கைக்குப் போயிருது தம்பி. யாவாரம் படுத்துருச்சு. ஒன்னால நேரத்துக்கு வர முடியலைன்னா சொல்லிரு. பட்டுக்கு வேற ஆளப் போட்டுக்கிருவோம்."

வியாபாரம் படுத்ததற்குக் காரணம் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த நான்கு மாடிக் கடை. அதை அவரிடம் சொல்ல முடியுமா. "இனிமே சரியா வந்துருதேன் அண்ணாச்சி" என்றேன்.

மதுரையிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்றால் என் மனைவி, "தங்குங்க. நான் எப்ப வாரேன்னு சொல்லாம வந்து வந்து பாப்பேன்" என்றாள். பைக் என்றால், நாய் குறுக்கே வந்து நான் விழுந்ததிலிருந்து அந்தப் பேச்சுக்கே வீட்டில் தடை. மிச்சம் இருந்தது கார். இளவட்டத்தில் பருத்தி லோடு வண்டி ஓட்டியிருக்கிறேன். லைசென்சும் இருக்கிறது. கார்தான் இல்லை.

பந்தல்குடிக்குப் பக்கத்தில், தூத்துக்குடி ரோட்டோரம், ஒரு டீக்கடையை ஒட்டிப் பழைய கார்களை நிறுத்தி விற்கிற புரோக்கர் ஒருவர் இருந்தார். லாரி போகும்போதெல்லாம் எழும்புகிற புழுதி அத்தனை வண்டிக்கும் ஒரே நிறம் பூசியிருந்தது. அவர் ஒரு சின்னக் காரின் கண்ணாடியைத் தோள்துண்டால் துடைத்துக் காட்டினார். சொன்ன விலையைக் கேட்டு எனக்கு முதலில் சந்தோசமும் அடுத்த நிமிசமே பயமும் வந்தது. அவ்வளவு குறைவு.

"எதும் ஆக்சிடென்ட் கேசா?"

"சே, சே. ஒரே கை ஓட்டுன வண்டி. பொண்ணு மாதிரி வச்சிருந்தாரு."

"பெறகு ஏன் விக்கிறாக?"

"அவரு இப்ப பஸ்ல போறாரு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். சொன்னேன். "திருச்சுழியத் தாண்டி வடக்க சொந்தபந்தம் எதும் உண்டா?"

"இல்ல."

"அப்பச் சரி. கொஞ்சம் முன்பணம் குடுத்துட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சாப் பேசிக்கிருவோம்."

கார் விற்கிறவர் வாங்குகிறவனின் சொந்தபந்தத்தை ஏன் விசாரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

என் மனைவி மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்ப்பாள், புடவை எடுத்தால் உள்பக்கத்தைப் பார்ப்பாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு பின்கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.

"இது என்ன வாடை?"

"புது சீட்டு கவர் வாடை."

"புது கவரு வாடைக்குள்ள ஒரு பழைய வாடை இருக்கு. ஆஸ்பத்திரி வாடை."

முகர்ந்து பார்த்தேன். புண்ணுக்கு மருந்து வைக்கிற இடத்தில் அடிக்குமே, அந்த வாடை லேசாக அடித்தது. கூடவே சூடத்தின் வாடையும். மேலே கேரியரில் கயிறு உரசி உரசிப் பெயின்ட் போயிருந்ததை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "இதுல எதக் கட்டிக்கிட்டுப் போனாக?" என்று கேட்டாள். பாடை என்று எனக்கு மனதில் பட்டதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் அதேதான் பட்டிருக்கும்.

பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவியவள் ஒரு கொலுசை எடுத்தாள். கைக்குழந்தை போடுகிற சின்னக் கொலுசு, ஒற்றை. அவள் அதை மஞ்சள் துணியில் முடிந்து மாடத்தில் வைத்தாள்.

"காரு வச்சிருந்த மனுசன் அத வித்துப்புட்டு பஸ்ல போறேங்கிறான்" என்றாள். "பஸ்ல போற மனுசன் கார் வாங்குறதத்தான் பாத்திருக்கேன். ஏறுனவன் எறங்குறான்னா உள்ள என்னத்தையோ பாத்துட்டான்."

மறுநாள் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவள் ஐந்தாவது ஒன்றைப் பின்சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

முதல் நாள் பயணத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையைத் தாண்டி நான்குவழிச் சாலை ஏறியதும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. காரியாபட்டி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆள் என் தோளில் தூங்குவார். அன்றைக்கு என் தோள் எனக்கே சொந்தமாக இருந்தது. ஆனால் பேச்சு இல்லை. பஸ்ஸில் போனால் யார் வீட்டில் மாடு கன்று போட்டது, யார் மருமகள் கோவித்துக்கொண்டு போனாள், பருத்தி என்ன விலைக்குப் போனது எல்லாம் மதுரை போவதற்குள் காதுக்கு வந்துவிடும். அன்றைக்கு இஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டேன். அதிலும் ஒரு கடகடப்புக் கேட்டது. உற்றுக் கேட்டால் நின்றது, விட்டால் மறுபடி கேட்டது. ஆளில்லாத பின்சீட்டைக் கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். முதல் போணி என் கையால் நடந்தது, நல்ல பட்டுச்சேலை. முதலாளியின் முகம் மலர்ந்தது. "எப்படிப்பா, பஸ்ஸு பறந்து வந்துச்சா?"

"கார்ல வந்தேன் அண்ணாச்சி."

"யாரு காரு?"

"நம்ம காருதான். வாங்கலாம்னு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பூட்டாமலும் திறக்காமலும் கதவை ஒருக்களித்து வைப்பார்களே, அப்படி. எழுந்து வாசலுக்குப் போய்த் தெருக்கோடியில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்துவிட்டு வந்தார். "நல்லது" என்றார். அவர் நல்லது என்று ஒற்றைச் சொல்லில் சொன்னால் அது நல்லதில்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒன் கைராசி எங்கடைக்குன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவன் காரில் வந்து இறங்கினால் முதலாளிக்கு என்ன தோன்றும் என்று நானும் என் மனைவியும் காரை அத்தனை மோந்து பார்த்த நேரத்தில் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. வண்டியைச் சந்தேகப்பட்டோமே தவிர, வண்டியால் என்னைச் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றவில்லை. விலை குறைவாகக் கிடைத்தது என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு என்றும் சொன்னேன். "அந்த வெலைக்கு எவன் குடுப்பான்" என்றார். அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பட்டுப் பிரிவு முழுக்க எண்ணிப் பார்க்கச் சொன்னார். வழக்கமாக ஆடித் தள்ளுபடி முடிந்துதான் எண்ணுவார்கள். ஒவ்வொரு சேலையாகப் பிரித்து, மடித்து, எண்ணினோம். எல்லாம் சரியாக இருந்தது.

"சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"ஆமா, சரியாத்தான் இருக்கு. எந்த வருசமும் ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். இந்தத் தடவ அம்புட்டும் சரியா இருக்கு. அதான் யோசனையா இருக்கு."

பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லி பீரோ சாவியை வாங்கிக்கொண்டார். எண்ணெய் விட்ட பிறகும் சாவி திரும்பி வரவில்லை.

இந்தப் பக்கம் எங்கள் ஊரில், முதல் இரண்டு நாள் காரைத் தள்ளி நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் கிளம்ப வெளியே வந்தால் பக்கத்து வீட்டு அக்கா குளித்து, பூ வைத்து, கூடையோடு காருக்குப் பக்கத்தில் நின்றார். "டவுனு வரைக்கும்தான் தம்பி. நீ சும்மாதான போற." அடுத்த வளைவில் ஒரு மாமா. அவருக்கு அருப்புக்கோட்டையில் இறங்கி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தால் போதுமாம், அதுவரை நான் வண்டியை அணைக்காமல் நின்றால் போதுமாம். அன்றைக்குக் கடைக்குப் போனபோது போணி முடிந்து காபியும் குடித்து முடித்திருந்தார்கள்.

"பஸ்ஸு லேட்டுன்னா பஸ்ஸத் திட்டலாம்" என்றார் முதலாளி. "காரு லேட்டுன்னா நான் யாரத் திட்ட?"

மாமாவின் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

வாரத்தில் கடைக்கு லீவு விடுகிற நாளுக்கு முந்தின மாலை முதலாளி என்னிடம், "திருச்சுழிக்கு வடக்க எங்க கொலசாமி கோயிலு இருக்கு. நாளைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரணும். என் வண்டி ரிப்பேருக்குப் போயிருக்கு. ஒன் வண்டியக் கொண்டாறியா?" என்றார்.

அவர் வண்டி கடைக்குப் பின்னால் நிழலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். "கொண்டாறேன் அண்ணாச்சி" என்றேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி, "சாமியப் பாக்கவா வாராரு, நம்மளப் பாக்கவா?" என்றாள்.

மறுநாள் முதலாளியை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டி வந்தேன். மடியில் தேங்காய் பழத் தட்டு. வழியெல்லாம் வண்டியின் ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார். முன்னால் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தார். "மைலேஜ் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "வீடு சொந்த வீடா?" என்றார். அருப்புக்கோட்டை வந்ததும் திருச்சுழி ரோட்டில் திரும்பப் போனேன்.

"தண்ணி தவிக்குது. ஒன் வீட்டுக்குப் போயிட்டுப் போவமே" என்றார். தண்ணி பாட்டில் அவர் காலடியிலேயே இருந்தது. நான் வண்டியை எங்கள் ஊருக்கு விட்டேன்.

என் மனைவி அவருக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். அவர் மோரைக் கையில் வைத்துக்கொண்டு பூசாத பின்சுவரைப் பார்த்தார், ஒழுகின இடத்தில் விரித்திருந்த தார்ப்பாயைப் பார்த்தார், மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்.

"அந்த ரூம்புல என்ன வச்சிருக்கீக?" என்றார் மூடியிருந்த ஒரு கதவைக் காட்டி.

"வெறகு" என்று என் மனைவி போய்க் கதவை அகலத் திறந்து காட்டினாள். "அடுப்படியும் பாக்குறீகளா அண்ணாச்சி? பானைய வேணா எறக்கிக் காட்டுறேன்."

அவர் சிரித்தார். "கோவிச்சுக்கிடாதத்தா. வயசான ஆளு, வேடிக்க பாக்குறது பழக்கமாப் போச்சு."

"பாருங்க, பாருங்க. பாக்குறதுக்குத்தான வச்சிருக்கு" என்றாள் அவள். கிளம்பும்போது என்ன நினைத்தாளோ, மாடத்திலிருந்த மஞ்சள் முடிப்பை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள். "கோயிலுக்குத்தான போறீக. இதச் சாமி காலடியில வச்சுட்டு வாங்க. யாரு பிள்ளையோ."

திருச்சுழியைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், நடுவில் கருவேலம். மிளகாய் வத்தலைக் களத்தில் சிவப்பாகப் பரப்பியிருந்தார்கள். ஒரு ஊர் வந்தது. பஸ் நிறுத்தத்தில் சட்டையை உள்ளே விட்டுக் கைப்பையோடு ஒருவர் நின்றார். எங்கள் காரைப் பார்த்ததும் சட்டென்று நிழற்கூரைத் தூணுக்குப் பின்னால் போனார். போலீசைப் பார்த்தவன் மாதிரி. முதலாளியும் அதைப் பார்த்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குள் களத்திலிருந்து வயசான ஒரு பெண்பிள்ளை சத்தம் போட்டார்.

"ஏலே, நம்ம வண்டி வந்திருச்சுலே."

அவ்வளவுதான். நான் நிறுத்தினேனா, அவர்கள் நிறுத்தினார்களா என்று இன்றைக்கும் தெரியாது. பின்கதவு திறந்தது. காலில் பெரிய கட்டுப் போட்ட ஒரு பெரியவரை அவர் மருமகள் தாங்கிப் பிடித்து உள்ளே ஏற்றினார். பக்கத்திலேயே களத்துப் பெண்பிள்ளை உட்கார்ந்தார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. டவுன் பஸ்ஸில்கூட ஏறுகிறவர்கள் எங்கே போகிறது என்று ஒரு தடவை கேட்பார்கள்.

"திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார் மருமகள். "அய்யாவுக்குக் கட்டு மாத்தணும். பத்து நாளா வண்டி வரலையேன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"நாங்க அங்கிட்டுப் போறோம்மா" என்று வடக்கே காட்டினேன்.

"அதுக்கென்ன, திருப்பிக்கிருங்க. பாத அகலமாத்தான இருக்கு."

ஒருவர் ஒரு வத்தல் கூடையைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டார். போடுகிற வேகத்தைப் பார்த்தால் கை பழகின இடம் என்று தெரிந்தது. இன்னொரு சின்னக் கூடைக்கு இடமில்லாமல் அதை ஜன்னல் வழியாக முதலாளியின் மடியில், தேங்காய்த் தட்டுக்கு மேலே வைத்தார்கள். "செத்தப் பிடிச்சுக்கிருங்க பெரியவரே." மதுரையில் அவர் முன்னால் நின்று பேசவே ஆள் யோசிப்பார்கள். அவர் கூடையைப் பிடித்துக்கொண்டு தும்மினார். திருச்சுழி வரைக்கும் தும்மினார்.

"யாரு வண்டிம்மா இது?" என்று தும்மலுக்கு நடுவில் விசாரணையைத் தொடங்கினார்.

"எங்க ஊரு வண்டி" என்றார் களத்துப் பெண்பிள்ளை. "என் பேத்தி பொறந்ததே இந்தப் பின்சீட்டுலதான். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கல. முப்பதாம் நாளு சாமி கும்பிடக் கூட்டிட்டுப் போனதும் இதுலதான். அன்னைக்கு ஒரு கொலுசக் காணாமப் போட்டுட்டு இன்ன வரைக்கும் ஏச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன்."

நான் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப் பையிலிருந்த முடிப்பைப் பின்னால் நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "அட, பத்திரமா வச்சிருக்கீகளே" என்றார். அதற்குமேல் ஆச்சரியப்படவில்லை. அவர் வண்டியில் தொலைந்தது அவர் வண்டியில் கிடைத்தது. நான் ஒரு வாரமாக அந்தக் கொலுசை நினைத்துத் தூக்கம் கெட்டதை அவரிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இறக்கினோம். "கட்டு மாத்துற வரைக்கும் நில்லுங்க, சேந்தே போயிருவோம்" என்றார் மருமகள். நின்றோம். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கோயிலில் உச்சிப் பூசைக்குச் சொல்லி வைத்திருந்தாராம். முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

திரும்பி வந்து அவர்களை ஊரில் இறக்கியபோதும் அந்தக் கைப்பை மனிதர் பஸ் வராமல் அங்கேயே நின்றார். இந்தத் தடவை ஒளியவில்லை. மெதுவாக வந்து பானெட்டில் கை வைத்தார்.

"புரோக்கருகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ணே, இந்தப் பக்கம் வராத ஆளுக்குக் குடுன்னு."

"நீங்கதான் வித்ததா?" என்றார் முதலாளி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நான்தான். அருப்புக்கோட்டையில மில்லுல சூப்பர்வைசர். தெனம் போய் வரச் சௌகரியமா இருக்கும்னு வாங்குனேன். மாட்டேன்னு சொல்லிப் பாத்தேன் அண்ணாச்சி. சொல்லி வாய மூடல, பின்சீட்டுல ஆளு இருக்கும். மில்லுல ரெண்டு தடவ சீட்டக் கிழிக்கப் பாத்துட்டாக. கார்ல போனா நான்தான் பஸ்ஸு. பஸ்ல போனா நான் ஒரு டிக்கெட்டு. அம்புட்டுத்தான்."

"எம்புட்டுக்குக் குடுத்தீக?"

அவர் தொகையைச் சொன்னார். நான் முதலாளியிடம் சொன்னதற்கும் அதற்கும் புரோக்கர் வைத்துக்கொண்ட கமிஷன்தான் வித்தியாசம். முதலாளி எதிரே இருந்த கருவேல மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளட்சு எப்படி இருக்குண்ணே?" என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். "அமுக்கி மிதிக்காதீக, அதுக்குப் பிடிக்காது." பஸ் வருகிற சத்தம் கேட்டதும் ஓடிப் போய் ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

கோயிலுக்குப் போனபோது உச்சிப் பூசை முடிந்து பூசாரி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு லேட்டா வாரீக" என்றார்.

முதலாளி வாயைத் திறந்தார். வத்தல் கூடையைச் சொல்வதா, கட்டு மாற்றியதைச் சொல்வதா, வண்டியைத் திருப்பியதைச் சொல்வதா என்று அவர் தேடுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எதைச் சொன்னாலும் பூசாரி நம்பமாட்டார் என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "பஸ்ஸு லேட்டு" என்றார். காரை விட்டு இறங்கி வந்த மனிதரிடம் பூசாரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து ஒரு சூடம் மட்டும் காட்டினார்.

மதுரைக்குத் திரும்பினோம். காரியாபட்டி தாண்டித்தான் முதலாளி வாயைத் திறந்தார்.

"இந்த வண்டிய வச்சிருந்தேன்னா நீ எங்கடைக்கு வந்து சேர மாட்ட. குடுத்துரு. பஸ்லயே வா."

"பஸ்ஸு லேட்டாகுமே அண்ணாச்சி."

"லேட்டாகட்டும். நீ வர்ற வரைக்கும் மொத ஆளுக்குச் சேலையப் பிரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கச் சொல்றேன். பில்லு நீ வந்து போடு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனா நீ பஸ்லதான் வாரேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் பந்தல்குடியில் காரை விட்டுவிட்டு முன்பணத்தைக் கேட்டேன். புரோக்கர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணி வைத்த மாதிரி எடுத்துக் கொடுத்தார். வீட்டில் சொன்னபோது மனைவி, "கேள்வி கேக்காமத் திருப்பித் தாரான்னா, இதுக்கு முன்னயும் திரும்பி வந்த வண்டிதான்" என்றாள். பின்சீட்டுக்கு அடியில் உருட்டிவிட்ட எலுமிச்சம்பழத்தை எடுக்க மறந்துவிட்டோம். அடுத்து வாங்குகிறவர் அதைக் கண்டுபிடித்து எதையாவது நினைக்கப் போகிறார்.

கடைக்குப் போனேன். பீரோ சாவி என் இடத்தில், மடித்த துண்டுக்கு மேல் கிடந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போது தினமும் காலையில் அருப்புக்கோட்டை தாண்டியதும் முதலாளியிடமிருந்து போன் வரும்.

"எங்க இருக்க?"

"பஸ்ல அண்ணாச்சி."

"விசிலக் கேக்க விடு."

மதுரை பஸ்ஸின் கண்டக்டருக்கு விசயம் தெரியும். நான் போனைத் தூக்கிப் பிடித்ததும் அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்காமல் பக்கத்தில் வந்து ஒரு ஊது ஊதுவார். தூங்குகிறவர்கள் விழித்துப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி கேட்டாச்சா?" என்று பின்சீட்டிலிருந்து யாராவது விசாரிப்பார்கள். போன வாரம் அந்தக் கண்டக்டர் லீவு, வேறு ஒருவர் வந்திருந்தார். அவரிடம் விவரம் சொல்லி ஊதச் சொன்னேன். ஊதினார். போனைக் காதில் வைத்தேன்.

"இது தெனம் கேக்குற விசில் மாதிரி இல்லையே தம்பி" என்றார் முதலாளி.